மறையெழுத்தை வென்ற ஆலன் டூரிங்

பொருளைக் காத்தற்குப் பூட்டும் திறவுகோலும் கண்ட மக்கள், சொல்லைக் காத்தற்கு மறையெழுத்தைக் கண்டனர். தூதன் வழியிற் பிடிபட்டாலும் அவன் கையிலுள்ள ஓலை பகைவர்க்குப் பயன்படலாகாது என்பது பண்டை அரசர்தம் கவலை. உரோம நாட்டுச் சீசர், தம் ஓலைகளில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஈடாக அதன்பின் மூன்றாவதாக நிற்கும் எழுத்தை எழுதி அனுப்பினார் என்பர். இத்தகைய பூட்டுகளைத் திறக்கும் கலையும் உடன் வளர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டிற் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்-கிந்தி என்னும் பேரறிஞர், ஒரு மொழியில் எவ்வெழுத்து மிகுதியாகப் பயிலும் எனக் கணக்கிட்டு, மறைத்து எழுதியதைப் படிக்கும் நெறியை நூலாகவே எழுதி வைத்தார். நம் புலவர்களும் ஒரு செய்யுளுக்குள் மற்றொரு செய்யுளை ஒளித்து வைக்கும் கரந்துறைச் செய்யுள் பாடினர். அது புலமை விளையாட்டு. நாடாள்வோர்க்கு இது விளையாட்டன்று.

இக்காலத்தில் ஓலையும் தூதனும் இல்லை. வங்கியில் இட்ட பணமும், மருத்துவமனையின் நோய்க்குறிப்பும், வணிகரின் கணக்கும், அரசின் ஆணையும் கணிப்பொறிகளில் உறைகின்றன. கம்பி வழியாகவும் வான் வழியாகவும் நொடிப்பொழுதில் உலகைச் சுற்றி வருகின்றன. கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம்மையறியாமலே நாள்தோறும் மறையெழுத்தைப் பயன்படுத்துகின்றனர். அரசர்க்கே உரியதாயிருந்த கவலை இன்று குடிமக்கள் அனைவர்க்கும் உரியதாயிற்று. கணிப்பொறி எனும் கருத்துக்கு அடிகோலியதோடு, மறையெழுத்தைத் திறப்பதற்குப் பொறியையே கருவியாக்கிய மேதை ஆலன் டூரிங் ஆவார். அவர் வாழ்ந்தது நாற்பத்தோராண்டுகளே.

டூரிங்கின் குடும்பத்திற்கும் நம் நாட்டிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவர்தம் அன்னையார் சாரா அம்மையார் 1881ஆம் ஆண்டு கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிற் பிறந்தவர். அவ்வம்மையாரின் தந்தையார் ஸ்டோனி என்பார் சென்னை இருப்புப்பாதைக் கழகத்தின் தலைமைப் பொறியாளராய் விளங்கியவர். டூரிங்கின் தந்தையார் சூலியஸ் என்பவர் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாகப் பணிபுரிந்தார். மூத்த மகன் சான் குன்னூரிற் பிறந்தான். இளைய மகனாகிய ஆலன் 1912ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார்.

இந்தியாவின் வெப்பம் பிள்ளைகட்கு ஒவ்வாது என்று அஞ்சிய பெற்றோர், மக்கள் இருவரையும் இங்கிலாந்தின் தென்கடற்கரையில், ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவர் இல்லத்தில் விட்டுவிட்டுக் கடல் கடந்து பணிக்குத் திரும்பினர். ஆண்டுகள் இடையிட்டே தாயின் முகத்தைக் காணும் நிலையில் வளர்ந்த ஆலன், தனிமையையும் எண்களையும் தோழமையாகக் கொண்டார். எழுதப் படிக்கக் கற்பிக்குமுன்பே தெருவிளக்குக் கம்பங்களின் எண்களை நின்று நின்று படிக்கும் இயல்பு அவரிடம் காணப்பட்டது.

1926ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆலன் செர்போர்ன் என்னும் ஊரிலுள்ள பள்ளியிற் சேர வேண்டியிருந்தது. அவர் கப்பலிற் சௌதாம்ப்டன் துறைமுகத்தில் வந்திறங்கிய வேளையில், நாடெங்கும் பொது வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. புகைவண்டி ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவர் சற்றும் தயங்கினாரல்லர். தம் மிதிவண்டியில் ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவைக் கடந்து, இடைவழியில் ஒரு விடுதியில் இராத் தங்கி, மறுநாட் பள்ளி வந்து சேர்ந்தார். எடுத்த செயலை எளிய வழியில், தம் கையாலேயே முடித்துக்கொள்ளும் இவ்வியல்பு அவர் வாழ்நாள் முழுதும் மாறவில்லை.

அப்பள்ளியில் இலத்தீனும் பண்டைய இலக்கியமும் பெரிதாக மதிக்கப்பட்டன. ஆலனின் கையெழுத்தோ அலங்கோலம். ஆசிரியர் பலருக்கு அவர்மீது மனக்குறை. எனினும் கணக்கில் அவர் தாமே வழி கண்டு விடை கண்டார். மேல்வகுப்பு மாணவர் கிறிஸ்தபர் மார்கம் என்பவர் அவர்க்கு உற்ற நண்பரானார். விண்மீன்களைப் பற்றியும் கணக்குகளைப் பற்றியும் இருவரும் ஓயாது உரையாடினர். 1930ஆம் ஆண்டு பிப்பிரவரியில் அந்நண்பர் காசநோயால் திடீரென இறந்தார். ஆலன் ஆற்றொணாத் துயருற்றார். மறைந்தவர் செய்திருக்கக்கூடிய பணியைத் தாம் செய்து முடித்தல் வேண்டும் என்ற எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது.

1931இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்துக் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, முதல் வகுப்பில் தேறி, 1935இல் இருபத்திரண்டு வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்துக் கணித உலகை ஒரு வினா வாட்டிக் கொண்டிருந்தது. செருமானியக் கணித மேதை இல்பர்ட்டு எழுப்பிய வினா அது. எந்தவொரு கணிதக் கூற்றைத் தந்தாலும் அதனை மெய்ப்பிக்கக் கூடுமா கூடாதா என்று இயந்திரம் போற் படிப்படியே சென்று முடிவு கூறும் பொதுநெறி உண்டா என்பதே வினா. டூரிங் இயந்திரம் போல் என்ற சொல்லையே பற்றிக் கொண்டார். முடிவில்லாத ஒரு நாடா; அதன் கட்டங்களில் ஒவ்வொரு குறி; அக்குறியைப் படித்து, அழித்து, எழுதி, இடமோ வலமோ ஒரு கட்டம் நகரும் ஓர் எளிய பொறி. இதனைத் தம் மனத்திலேயே அமைத்தார். மனிதன் விதிப்படி செய்யும் கணக்கு எதனையும் இப்பொறி செய்யும் என்றும், பொறி ஒவ்வொன்றின் இயக்கத்தையும் நாடாவில் எழுதித் தந்தால் அவை எல்லாவற்றின் வேலையையும் ஒரே பொறி செய்யக்கூடும் என்றும் காட்டினார். அதனைக் கொண்டே, இல்பர்ட்டு நாடிய பொதுநெறி இல்லை என்று நிறுவினார். 1936இல் வெளிவந்த இக்கட்டுரையே கணிப்பொறி இயலின் தோற்றுவாய். அமெரிக்க அறிஞர் அலான்சோ சர்ச்சு என்பாரும் வேறு வழியால் அதே முடிவைச் சிறிது முன்னதாகக் கண்டிருந்தார்.

இம்முடிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கணிப்பொறியில் இடப்படும் நிரல் ஒன்று தீங்கு செய்யுமா செய்யாதா என்பதனைத் தவறாமற் சொல்லவல்ல பொதுநெறியும் இருத்தற்கில்லை என்பதை, டூரிங் வகுத்த வழியிற் சென்று, பிரெட் கோகன் என்னும் அமெரிக்கர் 1980ஆம் ஆண்டுகளில் நிறுவினார். கணிப்பொறியைக் காக்கும் நிரல்கள் நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியிருப்பதன் அடிப்படைக் காரணம் இதுவே. காவலுக்கு முடிவு இல்லை என்பது வெறும் உலகியல் உண்மையன்று. கணித உண்மையும் ஆகும்.

1936 முதல் 1938 வரை டூரிங் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற் கற்று முனைவர் பட்டம் பெற்றார். செருமனியிலோ இட்லர் படை பெருக்கிக் கொண்டிருந்தார். தாயகம் திரும்பிய டூரிங்கை இங்கிலாந்து அரசின் மறையெழுத்துத் துறை அழைத்தது. 1939ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் போர் மூண்டது. மறுநாளே அவர் இலண்டனுக்கு வடமேற்கே பிளெட்சிலிப் பூங்கா என்னும் மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தார்.

செருமானியர் தம் படைச்செய்திகளை எனிக்மா என்னும் பொறியால் மறைத்து அனுப்பினர். எனிக்மா என்பதற்குப் புதிர் என்பது பொருள். தட்டச்சுப் பொறியைப் போன்ற தோற்றமுடைய அதனை அமைத்தவர் ஆர்தர் செர்பியஸ் என்னும் செருமானியர். அதில் ஓர் எழுத்தை அழுத்தினால், மின்சாரம் முன்புறத்துச் செருகுபலகை வழியே நுழைந்து, மூன்று சக்கரங்களின் உள்ளே பின்னிக்கிடக்கும் கம்பிகள் வழியே ஓடி, கடைக்கோடியில் திருப்பப்பட்டு, வேறு வழியே மீண்டு வந்து, வேறோர் எழுத்தின் விளக்கை எரியச் செய்யும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சக்கரம் நகர்வதால், ஒரே எழுத்தை மும்முறை அழுத்தினும் மூன்று வெவ்வேறு எழுத்துகள் தோன்றலாம். அல்-கிந்தி கண்ட எழுத்துக் கணக்கு இதனிடத்துச் செல்லாது. ஐந்து சக்கரங்களுள் மூன்றைத் தெரிந்தெடுத்து வரிசைப்படுத்த 60 வழிகள். அவற்றைத் திருப்பி வைக்க 17,576 நிலைகள். பத்துக் கம்பிகளால் எழுத்துகளை இணைக்கும் வழிகளோ கோடிக்கணக்கில் விரியும். இவை அனைத்தையும் பெருக்கினால் வருவது 21 இலக்கங்கள் கொண்ட எண். நொடிக்கு ஒன்றாகச் சோதித்துப் பார்ப்பினும் ஐந்து இலட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். செருமானியரோ இவ்வமைப்பை நாள்தோறும் மாற்றினர். ஆகவே இப்பூட்டை எவராலும் திறக்கவொண்ணாது என அவர்கள் நெஞ்சார நம்பினர்.

அந்நம்பிக்கையை முதலிற் பொய்யாக்கியவர்கள் போலந்து நாட்டினர். மரியன் ரெயெவ்சுகி, எர்சி ருழித்சுகி, என்ரிக் சிகால்சுகி என்னும் கணித வல்லார் மூவருள் ரெயெவ்சுகி, பொறியின் உட்கம்பி அமைப்பை 1932ஆம் ஆண்டின் இறுதியிற் கணிதத்தாலேயே கண்டறிந்தார். பிரெஞ்சு ஒற்றர் வாங்கித் தந்த சில தாள்களும் துணை செய்தன. 1939 சூலையில், போர் வாயிலில் வந்துவிட்டதை உணர்ந்த போலந்தினர், தாம் கண்ட அனைத்தையும் வார்சா நகர்ப்புறத்துக் காடொன்றில் ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சினர்க்கும் எடுத்துரைத்தனர். டூரிங்கின் பெருமையைப் பேசுவோர் இம்மூவரை மறத்தல் நன்றியன்று.

போலந்தினர் பற்றிய வழி, செருமானியர் ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் திறவுகோலெழுத்துகளை இருமுறை எழுதிய வழக்கத்தைச் சார்ந்தது. அவ்வழக்கம் ஒருநாள் நிறுத்தப்படும் எனக் கருதிய டூரிங், வேறொரு வழியை நாடினார். மறையெழுத்தினுள் இன்ன சொல் இருத்தல் கூடும் என்னும் ஊகத்தை அவர் கடைக்காலாகக் கொண்டார். செருமானிய நிலையங்கள் நாள்தோறும் ஒரே நேரத்தில் வானிலைச் செய்தி அனுப்பின. அதில் வானிலை என்ற சொல் வந்தே தீரும். இன்னொரு குறையும் எனிக்மாவுக்கு இருந்தது. அப்பொறியில் எவ்வெழுத்தும் ஒருபோதும் தானாக வெளிப்படாது. எனவே ஊகித்த சொல்லை மறையெழுத்தின் அடியில் வைத்து நகர்த்தி, எங்கேனும் மேலும் கீழும் ஒரே எழுத்து நேர்ந்தால் அவ்விடம் தவறெனத் தள்ளிவிடலாம். வலிமை கூட்டுவதற்கென்று வைத்த அமைப்பே வலுவின்மைக்கு வாயிலாயிற்று.

இவ்வாறு பொருந்திய இடத்தை வைத்துக்கொண்டு, அமைப்பு இன்னது எனக் கருதிக்கொண்டு அதன் விளைவுகளைத் தொடர்ந்து சென்றால், பெரும்பாலும் அது முரண்பாட்டில் முடியும். முரண்பட்டதைத் தள்ளுவதோடு, அதனைச் சார்ந்த கருத்துகள் பலவற்றையும் ஒருங்கே தள்ளலாம் என்பதே டூரிங் கண்ட நுட்பம். இவ்வேலையை மின்னாற்றலாற் செய்யும் பாம்பி என்னும் பெரும்பொறி 1940 மார்ச்சில் நிறுவப்பட்டது. கார்டன் வெல்சுமன் என்னும் கணிதவல்லார் அதிற் செய்த திருத்தம் அதன் ஆற்றலைப் பன்மடங்காக்கியது. ஆளுயரமும் ஒரு டன் அளவு எடையும் உடைய இப்பொறிகள் போர் முடியுமுன் இருநூறுக்கு மேல் இயங்கின. அவற்றை இரவும் பகலும் இயக்கியவர்கள் கடற்படைத் துணைப்பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். பிளெட்சிலியிற் பணியாற்றியோருள் முக்காற்பங்கினர் மகளிரே என்பது பலரும் அறியாதது.

எண்கணக்கில் வெல்லற்கரிய பூட்டு, கையாண்டவர் சோம்பலால் தளர்ந்ததை ஈண்டு விரித்தல் தகும். செருமானிய இயக்குநர் சிலர், தாமே தெரிந்தெடுக்க வேண்டிய எழுத்துகளுக்குத் தம் காதலியின் பெயரெழுத்தையோ, விசைப்பலகையில் அடுத்தடுத்துள்ள எழுத்துகளையோ வைத்தனர். சிலர் காலையில் அமைத்த சக்கரத்தை அதிகம் நகர்த்தாமலே முதற் செய்தியை அனுப்பினர். ஒரே செய்தியை எளிய மறையெழுத்திலும் எனிக்மாவிலும் அனுப்பினாரும் உளர். இன்று வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லாகத் தம் பிறந்தநாளை வைப்பாரும், ஒரே கடவுச்சொல்லை ஒன்பது இடங்களில் வைப்பாரும் அவ்வியக்குநர்க்கு உடன்பிறந்தோரே. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வானாக்ரை என்னும் கொடுநிரல் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றை முடக்கியது. அறுவை மருத்துவங்கள் தள்ளி வைக்கப்பட்டன. அக்கொடுநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்டு நிறுவனம் இருதிங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றிக்கொள்ளாத பொறிகளே பெரிதும் இடருற்றன.

கடற்படையின் எனிக்மா ஏனைய எல்லாவற்றினும் கடியதாயிருந்தது. அதனைத் திறத்தல் இயலாது என்று பலர் கைவிட்டிருந்தனர். வேறெவரும் தொடாததால் தமக்குத் தனியே கிடைக்கும் என்று மகிழ்ந்தே டூரிங் அதனை ஏற்றார். எட்டாம் குடிலுக்கு அவர் தலைவரானார். செருமானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் அத்திலாந்திக் கடலிற் கூட்டங்கூட்டமாக வேட்டையாடிக் கொண்டிருந்த காலம் அது. தீவு நாடாகிய இங்கிலாந்துக்கு உணவும் எண்ணெயும் கடல் கடந்தே வரவேண்டும். ஒரு வணிகக் கப்பல் மூழ்கினால் மாலுமிகளோடு பல ஊர்களின் உணவும் மூழ்கும். 1941ஆம் ஆண்டில் பகைக் கப்பல்களினின்று கைப்பற்றிய குறிப்பேடுகளும், டூரிங் வகுத்த நிகழ்தகவுக் கணக்கும் ஒன்று கூடவே, அவ்வாண்டு சூன் முதற்கொண்டு கடற்படைச் செய்திகள் உடனுக்குடன் படிக்கப்பட்டன. நீர்மூழ்கிகள் காத்திருக்கும் இடமறிந்து வணிகக் கப்பல்கள் வேறு வழியிற் செலுத்தப்பட்டன.

வேலை பெருகப் பெருக ஆட்கள் போதவில்லை. மேலதிகாரிகளிடம் முறையிட்டும் பயனில்லை. 1941 அக்டோபர் 21ஆம் நாள், டூரிங், வெல்சுமன், அலெக்சாண்டர், மில்னர்-பேரி என்னும் நால்வரும் முறைகளைக் கடந்து தலைமை அமைச்சர் சர்ச்சிலுக்கே மடல் எழுதினர். அதனை மில்னர்-பேரி நேரிற் கொண்டுபோய்க் கொடுத்தார். சர்ச்சில் சினந்தாரல்லர். அவர்கள் வேண்டுவன யாவும் முதன்மையாகத் தரப்படுக என்று அன்றே ஆணையிட்டார்.

1942 பிப்பிரவரியில் செருமானியர் அத்திலாந்திக் நீர்மூழ்கிகளின் எனிக்மாவில் நான்காம் சக்கரத்தைச் சேர்த்தனர். பத்துத் திங்கள் பிளெட்சிலி குருடாயிற்று, கப்பல்கள் மூழ்கின. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் நடுநிலக் கடலிற் பிடிபட்ட நீர்மூழ்கி ஒன்றினுள் பாசன், கிரேசியர் என்னும் ஆங்கில வீரர் இருவர் இறங்கிக் குறிப்பேடுகளை எடுத்துத் தந்துவிட்டு, அக்கப்பலோடே ஆழ்ந்து மாண்டனர். அவ்வேடுகளே மீண்டும் கதவைத் திறந்தன. கணக்கறிவு மட்டும் போரை வென்றது என எண்ணுவோர் இவ்விருவரை நினைத்தல் வேண்டும்.

வியப்பொன்று உண்டு. தம் நீர்மூழ்கிகள் அடிக்கடி காட்டிக்கொடுக்கப்படுவதைக் கண்ட செருமானியத் தளபதி தோனிட்சுக்கு ஐயம் எழாமல் இல்லை. ஆராய்ந்த வல்லுநர்களோ எனிக்மா பழுதற்றது என்றே மீண்டும் மீண்டும் உறுதி கூறினர். ஆங்கிலேயர்பாலும் இதே குற்றம் இருந்தது. எதிரியின் மறையெழுத்தைப் படித்து மகிழ்ந்த அவர்தம் கடற்படையின் மறையெழுத்து ஒன்றைச் செருமானியர் 1943 சூன் வரை படித்து வந்தனர்! தன் பூட்டைத் தானே சோதித்துப் பாராத பிழை இருதிறத்தார்க்கும் பொதுவாயிற்று.

பிளெட்சிலியில் டூரிங்கின் நடைமுறை பலர்க்கு வேடிக்கையாய் இருந்தது. பூந்துகள் ஒவ்வாமையால் தும்மல் வரும் பருவத்தில் நச்சுவளி முகமூடி அணிந்து மிதிவண்டியிற் செல்வார். அவ்வண்டியின் சங்கிலி குறிப்பிட்ட சுற்றுக்கு ஒருமுறை கழன்று விழும்; அதனைச் செப்பனிடாமற் சுற்றுகளை எண்ணிக்கொண்டே ஓட்டிச் சென்று, கழலும் தறுவாயில் தடுத்துவிடுவார். தேநீர்க் கிண்ணம் களவுபோகாதிருக்க அதனைச் சங்கிலியாற் பிணைத்து வைத்தார். செருமானியர் நாட்டிற் புகுந்தால் பணம் மதிப்பிழக்கும் எனக் கருதி, வெள்ளிக் கட்டிகள் வாங்கி, அருகிலிருந்த காட்டுப் புறத்திற் புதைத்து வைத்தார். போருக்குப்பின் உலோகங்காட்டும் கருவியோடு தேடியும் அவை கிட்டவில்லை. பகைவர் ஒளித்ததையெல்லாம் கண்டவர்க்குத் தாம் ஒளித்தது அகப்படவில்லை.

1942ஆம் ஆண்டின் இறுதியில் டூரிங் அமெரிக்கா சென்று, தொலைபேசிப் பேச்சை மறைக்கும் பொறியின் உறுதியை ஆராய்ந்தார்; அங்குக் கிளாடு சானன் என்னும் அறிஞரோடு பழகினார். திரும்பி வந்தபின், மனிதக் குரலையே மறையெழுத்தாக்கும் சிறுபொறி ஒன்றைத் தம் கையால் அமைத்தார். பூட்டைத் திறந்தவர் பூட்டு செய்பவராகவும் ஆயினார். அது முடிவதற்குள் போர் முடிந்தது. பிளெட்சிலியின் பணியாற் போர் இரண்டாண்டு குறைந்தது என்று மதிப்பிடுவார் உளர். நிகழாததை அளந்து கூறுதல் அரிது. உயிர் பிழைத்தோர் பல்லாயிரவர் என்பதில் ஐயமில்லை. 1946இல் அரசு அவர்க்கு ஓ.பி.இ. என்னும் விருதளித்தது; எதற்காக என்பதை மட்டும் எவர்க்கும் கூறவில்லை.

போருக்குப்பின் தேசிய இயற்பியல் ஆய்வகத்திற் சேர்ந்து, நிரலைத் தன்னகத்தே வைத்து இயங்கும் கணிப்பொறி ஒன்றினை விரிவாகத் திட்டமிட்டார். அலுவலகத் தாமதங்களாற் சலிப்புற்று, 1948இல் மான்செசுட்டர் பல்கலைக்கழகம் சென்றார். பொறி சிந்திக்குமா என்னும் வினாவை ஆராய்ந்து 1950இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் அறிஞரால் விவாதிக்கப்படுகிறது. நெடுந்தொலை ஓட்டத்திலும் வல்லவர். 1947இல் மராத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடங்களில் முடித்தார். மறு ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் வென்றவர்க்கு அவரினும் பதினொரு நிமிடங்களே குறைவு. 1951இல் அரசவைக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

இனி வருவது துயரக் கதை. 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டூரிங்கின் வீட்டிற் களவு நிகழ்ந்தது. அவரே காவலரிடம் முறையிட்டார். விசாரணையில், அவர் ஓர் ஆடவரோடு கொண்டிருந்த காதலுறவு வெளிப்பட்டது. அக்காலத்து ஆங்கிலச் சட்டம் அதனைக் குற்றமெனக் கொண்டது. டூரிங் ஒன்றையும் மறைக்கவில்லை. சிறைவாசமா, அன்றி உடலியல்பை மாற்றும் மருந்தா என்று வினவப்பட்டபோது, ஆய்வைத் தொடரும் பொருட்டு மருந்தை ஏற்று ஓராண்டு அதன் கொடுமையைத் தாங்கினார். நாட்டின் மறைச்செய்திகளைக் காக்கும் பணியில் அதுகாறும் அவரது அறிவுரையை நாடிவந்த அரசு, நம்பத்தக்கவரல்லர் என அவரை விலக்கியது. எவரும் அறியாத பேருதவியைச் செய்துவிட்டு, அதனை நீதிமன்றத்தில் எடுத்துரைக்கவும் இயலாமல் நின்றார். உறுதிமொழியை மீறி ஒரு சொல்லும் அவர் வாயினின்று வரவில்லை.

1954ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் டூரிங் தம் இல்லத்தில் நஞ்சினால் இறந்தார். தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்பது விசாரணையின் முடிவு. வேதிப்பொருள்களை வீட்டிலேயே வைத்துச் சோதனை செய்யும் வழக்கமுடைய மகன் கவனக்குறைவால் மாண்டான் என்றே அன்னையார் இறுதிவரை கருதினார்.

அவ்வம்மையார் 1959இல் மகனின் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். போர்க்காலத்தில் அவன் செய்தது யாது என்பதை அந்நூலில் அவரால் விளக்க இயலவில்லை. அவர்க்கே அது தெரியாது. கணிப்பொறி அறிஞர்க்கு ஆண்டுதோறும் வழங்கும் மிகவுயர்ந்த பரிசு 1966 முதல் டூரிங் பெயராலேயே வழங்கப்பட்டு வருகிறது. அதனை ஏற்படுத்தியவர்க்கும் எனிக்மாவின் கதை தெரியாது. 1974இலேதான் பிளெட்சிலியின் மறைபொருள் நூல் வாயிலாக உலகிற்கு வெளிப்பட்டது. போத்தனூரிற் பிறந்த அன்னையார் 1976இல் மறைந்தார்.

டூரிங்கைத் தண்டித்த சட்டத்தின் கடுமை இங்கிலாந்தில் 1967இல் தளர்த்தப்பட்டது. அரசு அவர்க்கு இழைத்த தீங்கிற்காகத் தலைமை அமைச்சர் கார்டன் பிரவுன் 2009இல் வருத்தம் தெரிவித்தார். 2013 டிசம்பரில் அரசியார் மன்னிப்பு வழங்கினார். அவரைப்போல் தண்டிக்கப்பட்ட ஏனையோர்க்கும் 2017இல் மன்னிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. குற்றமே செய்யாதவர்க்கு மன்னிப்பு எதற்கு என்று வினவினோரும் உண்டு, அவ்வினா நேரியதே.

2021ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள், டூரிங்கின் பிறந்தநாளன்று, இங்கிலாந்து வங்கி அவர் உருவம் பொறித்த 50 பவுன் தாளை வெளியிட்டது. 1936ஆம் ஆண்டுக் கட்டுரையின் அட்டவணை ஒன்றும், பாம்பிப் பொறியின் வரைபடமும் அதில் உள்ளன. அவற்றோடு ஒரு நாடா வரையப்பட்டிருக்கிறது. அதில் 0, 1 என்னும் இரண்டு எண்களே மாறிமாறி வரும். இருமஎண் முறை அறிந்து அதனைப் படிப்பவர்க்கு, அது அவர் பிறந்த நாளாகும்.